மரக்காணத்துக்கு ஏன் இரயில் வரவில்லை? – திண்டிவனம் நிலையத்தின் கதை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பெற்ற பின்னர் இரயிலைப் பற்றி ஓர் உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நம் கடற்கரைக்கு இரயில் பாதை வேண்டும் என்று கோரி ஜமாஅத்தின் சார்பில் மனு அனுப்ப வேண்டுமென நம் இளைஞர்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் நிர்வாகக் குழுவின் முன் உள்ளது. மனுவில் கையெழுத்திடுவது எளிது. ஆனால் எதைக் கேட்கிறோம், முன்னர் எது கிடைத்தது, எது கிடைக்காமல் போயிற்று என்பதை அறியாமல் எழுதப்படும் மனு, அலுவலகத்தில் ஆயிரம் மனுக்களோடு ஒன்றாகக் கிடந்து மக்கிப்போகும். ஆகவேதான் நமக்கு மிக அண்மையிலுள்ள பழைய நிலையமாகிய திண்டிவனத்தின் கதையைச் சொல்ல இசைந்தேன்.

நம்மவர்க்கு இரயில் என்றால் மூன்று ஊர்கள். மரக்காணம் பக்கத்தார் திண்டிவனம் செல்வர். சுமார் 35 கிலோமீட்டர். கோட்டக்குப்பம் பக்கத்தார்க்குப் புதுச்சேரி கூப்பிடு தூரம். நெடும்பயணம் என்றால் இரு சாராரும் விழுப்புரம் சென்றாக வேண்டும். 1968-இல் ஆரோவில் உருவானபின் உலகின் பல நாட்டு மக்கள் இப்பகுதிக்கு வருகின்றனர். அவர்களும் இம்மூன்றில் ஒன்றில் இறங்கியோ, சென்னையிலிருந்து சாலை வழியாகவோதான் வந்து சேர்கிறார்கள். கடலோரமாக மட்டும் தண்டவாளம் இல்லை. ஏன் இல்லை?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜாவை நோக்கிச் சென்றது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் அது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பாதை மேற்கு நோக்கியது. சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1874-இல் சிறு கம்பெனிகள் இரண்டு இணைந்து தென்னிந்திய இரயில்வே எனும் பெருங்கம்பெனி ஆயிற்று. அது சென்னை, செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர் என்று தஞ்சை நாட்டை நோக்கிப் பாதை அமைத்தது. 1870-களின் பிற்பகுதியில் திண்டிவனத்தில் இரயில் நின்றது.

அது மீட்டர் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர்தான் அகலம். அகலப் பாதையைவிடச் செலவு குறைவு. இலேசான தண்டவாளம், சிறிய பாலங்கள், சிறிய பெட்டிகள். ஏழை மாவட்டங்களுக்கு இதுவே போதும் என்பது அன்றைய அரசின் கணக்கு. அக்காலத்து இரயில் கம்பெனிகளின் பங்குதாரர்களுக்கு, பாதை இலாபம் தந்தாலும் தராவிட்டாலும், ஆண்டுக்கு 5 சதவீத வட்டி தருவதாக அரசு உத்தரவாதம் அளித்திருந்தது. அந்த வட்டி நம் முன்னோர் செலுத்திய வரியிலிருந்து இலண்டனுக்குச் சென்றது. வட்டியைப் பற்றி இந்த அவையில் நான் விரித்துரைக்கத் தேவையில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு பாதை கேட்டால் "வருவாய் வீதம் போதாது" என்று விடை வருகிறதே, அந்த அளவுகோலை அன்று வைத்திருந்தால் தென்னாட்டின் பாதைகளில் பல போடப்பட்டிரா என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

பஞ்சத்தில் பிறந்த இரட்டையர்

திண்டிவனத்துக்கு இரயில் வந்த காலம் எத்தகைய காலம்? 1876 முதல் 1878 வரை தென்னகத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சத்தின் காலம். தாது ஆண்டுப் பஞ்சம் என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தியா முழுமையிலும் அரைக் கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது கணக்கு. இரயில் அப்பொழுது தானியம் கொண்டுவந்தது. தானியத்தை விலை மிகுந்த இடத்துக்குக் கொண்டும் போயிற்று. கையில் காசில்லாதவன் கண்ணெதிரே மூட்டைகள் வண்டியேறிப் போனதுண்டு. எனினும் பஞ்சத்துக்குப் பின் அமைந்த 1880-ஆம் ஆண்டு ஆணையம், மேலும் பல ஆயிரம் மைல் இரயில் பாதை வேண்டும் என்றே பரிந்துரைத்தது.

இதே பஞ்சம்தான் நம் ஊர்க் கால்வாயையும் முடித்துவைத்தது. சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே பாசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் 1806-இல் வெட்டத் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய், பின்னர் அரசின் கைக்கு வந்து வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்த் துண்டு வெட்டப்பட்டு, வடகால்வாயும் தென்கால்வாயும் ஒன்றாயின. 1880-களின் தொடக்கத்தில் தென்முனை மரக்காணத்தில் வந்து நின்றது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு நிலைத்தது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் தொடங்கி மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர்.

ஒரே பஞ்சத்தின் இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு வழிகள் நம் வட்டாரத்தை வந்தடைந்தன. ஒன்று தண்டவாளம், அது திண்டிவனத்தில். மற்றொன்று நீர்வழி, அது மரக்காணத்தில். இடையே ஒரு மாட்டுவண்டி ஒரு நாளில் கடக்கும் தூரம். அந்த இரண்டு முனைகளும் அன்றுமுதல் இன்றுவரை ஒன்று சேரவே இல்லை. நான் சொல்ல வந்த செய்தி இதுதான். மற்றவை யாவும் இதன் விளக்கம்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். நம் கால்வாய்க்குப் பெயர் தந்த கோமகன் உண்மையில் ஒரு இரயில்காரர். சென்னைக்கு ஆளுநராக வருமுன், இங்கிலாந்தின் மிகப் பெரிய இரயில் கம்பெனிகளுள் ஒன்றான இலண்டன் வடமேற்கு இரயில்வேயின் தலைவராக 1853 முதல் 1861 வரை இருந்தவர். அது மட்டுமன்று, தம் சொந்தப் பண்ணை நிலங்களின் விளைச்சலை வெளியே கொண்டுசெல்லத் தம் செலவிலேயே 1871-இல் ஒரு சிறு இரயில் பாதையையும் போட்டார். அது பிரில் என்ற சின்னஞ்சிறு விவசாய ஊரில் சென்று முடிந்தது. பாலும் வைக்கோலும் நிலக்கரியும் செங்கல்லும் ஏற்றியிறக்கிய அந்த நிலையம் பின்னர் இலண்டன் மாநகர இரயில் நிர்வாகத்தின் கைக்குப் போய், வருவாய் இல்லை என்று 1935-இல் மூடப்பட்டது. தம் பண்ணைக்குத் தண்டவாளம் போட்டுக்கொண்டவர் நமக்குக் கால்வாயைத் தந்தார் என்று குறை கூறமாட்டேன். பஞ்சத்தில் வாடியவர்க்கு மண்வெட்டி வேலை கொடுக்கக் கால்வாய்தான் ஏற்றது. ஆயினும் சிறிய விவசாய ஊர்களின் நிலையங்கள் எங்கும் ஒரேவிதமாகத்தான் பிறந்து நலிகின்றன என்பதை அந்த ஊரின் கதையும் காட்டுகிறது.

முன்வாசல் பின்வாசல் ஆனது

தண்டவாளம் உள்நாட்டு வழியாகச் சென்றதற்கு நிலத்தின் அமைப்பே பெருங்காரணம். சென்னையிலிருந்து கடலோரமாக வந்தால் முட்டுக்காட்டு உப்பங்கழி, பாலாற்று முகத்துவாரம், இடைக்கழிநாட்டுக் கழிகள், மரக்காணத்தை அடுத்து கழுவெளி என்று வழியெல்லாம் நீர். ஒவ்வொன்றுக்கும் பாலம் வேண்டும். உள்ளேயோ ஏரிகளும் மேட்டுநிலமும், ஏற்கெனவே அமைந்த பெருவழியும் இருந்தன. தவிர, கடற்கரைக்குத்தான் கால்வாய் இருக்கிறதே என்ற எண்ணமும் ஆட்சியாளர்க்கு இருந்திருக்க வேண்டும். ஒரு கையில் கொடுத்துவிட்டதால் மறு கையை மூடிக்கொண்டார்கள் என்பது என் கருத்து.

அதன் விளைவு யாது? அதுவரை இந்தக் கடற்கரைதான் நாட்டின் முன்வாசலாக இருந்தது. யவன மாலுமிகளின் குறிப்பேட்டில் வரும் சோபட்மா என்னும் துறை நம் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நிறைந்த பழைய கோயில் அவ்வூரில் உள்ளது. வடக்கே சற்றுத் தூரத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளை நம் இளைஞர்கள் விடுமுறை நாட்களில் சென்று படம் எடுத்து வருகிறார்கள். நவாபுகளின் காலத்தில் எழுந்து, 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறி, 1760-இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட துறைக்கோட்டை அது. கப்பல் வந்த காலத்தில் கடலோர ஊர் பெரிய ஊர். திண்டிவனம் புளியமரக் காட்டின் பெயரைத் தாங்கிய உள்ளூர். இரயில் வந்தபின் வாசல் திரும்பிவிட்டது. சந்தை, நீதிமன்றம், மேல்நிலைப் பள்ளி, மொத்த வணிகம் யாவும் நிலையம் உள்ள ஊரைத் தேடிச் சென்றன. நம் கடற்கரை கொல்லைப்புறம் ஆயிற்று.

மணிலாவும் மூன்று எழுத்தும்

திண்டிவனம் நிலையத்தை வாழவைத்தது மணிலாக்கொட்டை. நம் பக்கத்தில் இதை மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்ற சொல்லே தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று என்பர். பெயரே அது கடல் கடந்து வந்த பயிர் என்பதைச் சொல்கிறது. மழையை நம்பிய செம்மண் மேட்டில் வேறெதுவும் காசு தராத இடத்தில் இது தந்தது. தென்னார்க்காட்டின் பல ஊர்களில் கம்பும் வரகும் விளைந்த புன்செய்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் மணிலா நிலங்களாக மாறின.

வாங்கியவர் யார்? பிரெஞ்சுக்காரர். பிரான்சின் மார்செய் நகரத்துச் சவுக்கார ஆலைகளுக்கும் எண்ணெய் ஆலைகளுக்கும் மணிலா தேவைப்பட்டது. அதற்கான ஏற்றுமதித் துறை புதுச்சேரி. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 38 கிலோமீட்டர் இரயில் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளம் பிரிட்டிஷ் எல்லையில் தொடங்கிப் பிரெஞ்சு எல்லையில் முடிந்தது; ஆனால் வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய இரயில்வேயே. திண்டிவனத்து உழவன் களத்தில் காயவைத்த கொட்டை விழுப்புரம் வழியாகப் புதுச்சேரித் துறைக்குச் சென்று, கப்பலேறி, மார்செய்யில் சவுக்காரம் ஆயிற்று. அந்தச் சவுக்காரத்தில் கைகழுவியவன் திண்டிவனம் என்ற பெயரைக் கேட்டிருக்கமாட்டான். அது வேறு செய்தி.

இந்த வணிகத்தின் உயிர்நாடி சரக்குக் கொட்டகை. நாம் கூட்ஸ் ஷெட் என்று சொல்லும் இடம். அறுவடைக் காலத்தில் மூட்டை அடுக்கிய மாட்டு வண்டிகள் அங்கே வரிசையாக நின்றதை என் இளமையில் நானே கண்டிருக்கிறேன். எடைபோடுபவர், மூட்டை தூக்குவோர், சாக்குத் தைப்போர், மாட்டுக்கு வைக்கோல் விற்போர், தேநீர்க் கடைக்காரர் என்று எத்தனையோ குடும்பங்கள் அந்தக் கொட்டகையின் நிழலில் வாழ்ந்தன. மூட்டையை ஏற்றியதும் நிலைய அலுவலர் ஓர் இரயில்வே ரசீது தருவார். அந்தத் தாள் யார் கையில் உள்ளதோ அவருக்கே சரக்கு. வணிகர் அதைத் தபாலிலோ வங்கி மூலமோ வெளியூருக்கு அனுப்புவார். வாங்குபவர் பணத்தைக் கட்டினால்தான் ரசீது கைக்கு வரும். முகம் அறியாத இருவர் ஒருவரையொருவர் நம்பி வாணிபம் செய்ய அந்த ஒரு தாள் போதுமாயிருந்தது. நிலையத்துத் தந்தியின் வழியே சென்னையின் விலையும் புதுச்சேரியின் விலையும் அன்றன்றே தெரிந்தன. இவை உழவனுக்கு முழு நன்மையாயின என்று சொல்ல இயலாது. முன்பணம் கொடுத்து விளைச்சலை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்ட தரகர்கள் பலர். விலை தெரிந்தது அவர்களுக்குத்தான். ஆயினும் ஊருக்குக் காசு வந்தது.

1890-களில் பழைய விதை நலிந்து சாகுபடி சரிந்தது. பின்னர் மொரீசியஸ் தீவிலிருந்து வந்த ரகத்தைக் கொண்டு அது மீண்டது. முதல் உலகப்போரின்போது கப்பல் கிடைக்காமல் ஏற்றுமதி முடங்கியது. இத்தகைய அடிகளுக்குப் பிறகே ஆராய்ச்சியின் தேவை உணரப்பட்டது. பாலக்குப்பத்தில் தொடங்கிய மணிலா ஆராய்ச்சி, பின்னர் திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமாக வேரூன்றியது. அங்கே 1940-இல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 என்னும் கொத்து ரகம் ஆந்திரத்து அனந்தப்பூரின் வறண்ட நிலங்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. டி.எம்.வி. என்பது திண்டிவனம். இரயில்வேயில் திண்டிவனம் நிலையத்துக்கு வழங்கும் குறியெழுத்தும் அதே டி.எம்.வி.தான். பயணச்சீட்டில் அந்த மூன்று எழுத்தைக் காணும்போதெல்லாம், விதைப் பைகளிலும் அவை அச்சாகிப் பல மாநிலங்களுக்குச் சென்றன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு சிற்றூர் நிலையத்துக்கு இதைவிடப் பெரிய பெருமை வேறில்லை.

பயணிகளைப் பற்றியும் ஓரிரு சொற்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வரை சென்று இலங்கைக் கப்பலோடு இணைந்த போட் மெயில் இந்தத் தண்டவாளத்தின்மீதுதான் இரவுதோறும் ஓடிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கும்வரை. நம் சமுதாயத்தில் ஹஜ் கடமையை நிறைவேற்றச் சென்ற அக்காலப் பெரியவர்கள் பம்பாயில் கப்பலேற வேண்டியிருந்தது. ஊரார் திரண்டு வந்து கண்ணீர் மல்க வழியனுப்பிய இடம் விமான நிலையமன்று, இத்தகைய சிறு இரயில் நிலையங்களே. திரும்பி வருவோமா என்பது உறுதியில்லாத பயணம் அது.

ஓடம் நின்றது, கொட்டகையும் ஓய்ந்தது

இனி மரக்காணத்துக்கு வருவோம். இங்கே உப்பளங்கள் 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்துள்ளன. தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து தமிழகத்தில் பெயர்பெற்றவை. தை, மாசியில் பாத்தி திருத்தத் தொடங்கி, வெயில் முற்றும் மாதங்களில் உப்பை வாரி வரப்பில் குவித்து, ஓலை வேய்ந்து மூடிவைப்பர். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். இந்த உப்பு பல பத்தாண்டுகள் ஓடத்தில் ஏறிக் கால்வாய் வழியே சென்னைக்குச் சென்றது. சவுக்குக் கட்டைகளும் அப்படியே சென்றன. சென்னையின் அடுப்புகள் நம் கரையோரச் சவுக்குத் தோப்புகளால் எரிந்த காலம் உண்டு. பாய் விரித்தும், கோல் ஊன்றியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் ஓடம் செலுத்தினர். மெதுவான வழிதான், ஆனால் மலிவான வழி.

லாரி வந்தது. மதகுகள் பழுதாயின, மணல் மேடிட்டது. புயல்கள் கரைகளை உடைத்தன. 1960-கள் முடிவதற்குள் ஓடப் போக்குவரத்து பெரும்பாலும் நின்றுவிட்டது. 2008-இல் இக்கால்வாயும் கழுவெளியும் அடங்கிய காக்கிநாடா–புதுச்சேரி நீர்வழி, தேசிய நீர்வழி எண் 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தது, மரக்காணத்துக்கு ஓடம் வரவில்லை.

கடற்கரை இழந்ததைத் திண்டிவனம் வைத்திருந்ததா என்றால், அதுவும் இல்லை. பயணிகளைப் பொறுத்தவரை வளர்ச்சி உண்டு. 1960-களின் நடுவில் சென்னை முதல் விழுப்புரம் வரை இப்பாதை மின்மயமாயிற்று. ஜப்பானில் கட்டிய மின் இயந்திரங்கள் ஓடின. உயர் அழுத்த மாறுமின்னோட்டத்தில் இயங்கிய மீட்டர் பாதை இந்தியாவிலேயே இது ஒன்றுதான். 1990-களின் பிற்பகுதியில் அகலப் பாதை வந்தது. பின்னர் இரட்டைப் பாதையும் ஆயிற்று. ஆனால் உழவனின் பத்து மூட்டையை ஏற்றும் வசதி அதற்கு முன்பே போய்விட்டது. 1980-களில் இரயில்வே நிர்வாகம் தன் சரக்குக் கொள்கையை மாற்றிக்கொண்டது. சில்லறை மூட்டைகளையும் ஒன்றிரண்டு பெட்டிச் சரக்கையும் கைவிட்டு, ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்கும் முழு வண்டிச் சரக்கை மட்டும் நாடியது. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் உரத்துக்கும் அது பொருந்தும். நாற்பது பெட்டி நிறைய மல்லாட்டையை ஒரே நாளில் யார் கொண்டுவருவார்? விழுப்புரத்தைப் போலப் பல பாதைகள் கூடும் சந்திப்பாகத் திண்டிவனம் ஆகவும் இல்லை. விரைவு வண்டிகள் பல நிற்காமல் அதைக் கடந்து செல்கின்றன.

இந்தியாவின் உப்பில் முக்கால் பங்கு குஜராத்தில் விளைகிறது. அது முழு முழு வண்டிகளாக இரயிலேறி ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கு 120 கிலோமீட்டரில் உள்ள மரக்காணத்து உப்போ லாரியை நம்பி நிற்கிறது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அண்மை ஆண்டுகளில் மாநில அரசு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்குகிறது, வரவேற்போம். ஆனால் வேலையில்லாத அந்த மூன்று மாதங்களில் புதுச்சேரியிலோ செங்கல்பட்டிலோ வேலைக்குப் போய்வர அவர்களுக்கு மலிவான வண்டி ஒன்று இருந்தால் அந்தத் தொகையின் பொருளே வேறாகும். செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களிலிருந்து மாதச் சீட்டு எடுத்துச் சென்னைக்கு நாள்தோறும் சென்று வருவோரைப் பாருங்கள்.

2000-களின் இரண்டாம் பாதியில், அரக்கோணம் தொகுதியைச் சேர்ந்த ஆர். வேலு இரயில்வே இணையமைச்சராக இருந்த காலத்தில், நம் பகுதிக்கு மூன்று புதிய பாதைகள் அறிவிக்கப்பட்டன. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ஒன்று, திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, ஆரணி, ஆற்காடு வழியாக நகரி வரை மற்றொன்று. மூன்றாவதுதான் நமக்குரியது: சென்னையிலிருந்து மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை சுமார் 180 கிலோமீட்டர். அது வந்திருந்தால் திண்டிவனம் செல்ல வேண்டிய தேவையே நம்மவர்க்கு இருந்திராது. சில ஆண்டுகளின் நிதிநிலை அறிக்கைகளில் இப்பாதைக்கு ஒதுக்கப்பட்ட தொகை 1,000 ரூபாய். ஆயிரம் கோடி அன்று, வெறும் ஆயிரம். திட்டத்தின் பெயர் அழியாமல் இருக்கவே இவ்வாறு ஒதுக்குவர் என்று விளக்கம் சொல்கிறார்கள். நம் பள்ளிவாசல் குழாயைப் பழுதுபார்க்கவும் அத்தொகை போதாது என்பதைச் சற்றுமுன் வாசித்த கணக்கில் கேட்டீர்கள்.

ஆகவே மனு எழுதுவது சரியே. ஆனால் எதை எழுதுவது? "கடலோரப் பாதை வேண்டும்" என்று மட்டும் எழுதினால், நிலையம் எங்கே அமையும், என்ன ஏற்றும் என்பதைப் பிறர் முடிவு செய்வார்கள். சரக்கு ஏற்றும் வசதி இல்லாத நிலையம் வந்தால் உப்புக்குப் பயனில்லை. திண்டிவனத்தின் கொட்டகை நமக்குக் காட்டுவது அதைத்தான். சிறு உற்பத்தியாளர் பலர் சேர்ந்து ஒரு வண்டியை நிரப்பும் ஏற்பாட்டை மனுவிலேயே கேட்க வேண்டும். கழுவெளியைக் குறித்தும் நாம் வாய்மூடி இருத்தல் ஆகாது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னகத்தின் பெரிய உவர்நீர்ப் பரப்பு அது. 2021-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. உப்பளத்துக்கும் மீனவர்க்கும் சுற்றுப்புற வயல்களுக்கும் அதன் நீரோட்டமே ஆதாரம். அதன் குறுக்கே கரை எழுப்பி நீரை அடைத்து வரும் இரயில் வேண்டாம். தூண்களின்மீது செல்வதாயின் செல்லட்டும், அல்லது மேற்கே விலகிச் செல்லட்டும். நிலம் கொடுப்போர்க்கு உரிய விலை, குத்தகைப் பாத்தியில் உழைப்போர்க்கு மாற்று ஏற்பாடு ஆகியவற்றையும் எழுதுங்கள். நிலத்தின் உரிமையாளருக்கு இழப்பீடு கிடைக்கும். பாத்தியில் நிற்பவருக்கு யார் தருவார்?

கடலோரப் பாதை தாமதமாகும் என்றால், 1880-களிலிருந்து இணையாமல் கிடக்கும் அந்த இரண்டு முனைகளை இணைக்கக் கேட்கலாமே என்பது என் சொந்த யோசனை. திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு 35 கிலோமீட்டர்ப் பாதை. விழுப்புரம்–புதுச்சேரிப் பாதையின் நீளம் 38 கிலோமீட்டர். அதை 1879-இலேயே போட்டுவிட்டார்கள். நிர்வாகக் குழுவில் இதற்கு மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள். கிளைப் பாதை கேட்டால் பெரிய பாதை கிடைக்காமல் போகும் என்பது அவர்கள் அச்சம். அது நியாயமான அச்சமே. பொதுக்குழு இதைப் பேசி முடிவு செய்யட்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்கள் சிலவற்றில் பழைய பெட்டிகளுக்குள் உப்பு வாணிபக் கணக்குப் பேரேடுகள், ஓடக் கூலி எழுதிய ஏடுகள், திண்டிவனத்துச் சரக்குக் கொட்டகையின் இரயில்வே ரசீதுகள் இருக்கலாம். குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். எத்தனை மூட்டை எங்கிருந்து எங்கே சென்றது என்பதற்கு நம் கையில் உள்ள சான்று அவையே; மனுவோடு இணைக்கப் படி எடுத்துக்கொண்டு, மூலத்தை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம். பள்ளிவாசல் அலுவலகத்தில் அஸர் தொழுகைக்குப் பின் நம் இளைஞர்கள் இருவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அமர்ந்திருப்பார்கள். அவர்களிடம் கொண்டுவந்து கொடுங்கள்.

வஸ்ஸலாம்.